சென்சாருக்கு வைத்த பொட்டு

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் வேறு யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மளிகை மொத்த வியாபாரக் கிடங்குக்கு ஒரு பழைய வேன் இருந்தது. மிளகாய் வற்றல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு, தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வழிய, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து பாரிமுனை வரை போய்த் திரும்பியவள் நான். வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிறகு வியாபாரம் வளர்ந்தது, என் கணவரின் தொப்பை வளர்ந்தது, வண்டியும் வளர்ந்தது. வளர்ந்த வண்டியில் எனக்கு இடப்பக்கத்து சீட்டை ஒதுக்கினார்.

"இது பெரிய வண்டி. உனக்குச் சரிப்படாது," என்றார்.

விளக்கம் அவ்வளவுதான். கல்லாவைக்கூட கடை ஆட்களை நம்பி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற மனிதர், கார் சாவியை மட்டும் குளிக்கப் போகும்போதும் கையோடு எடுத்துப் போவார். அந்த வலப்பக்கத்து சீட் எனக்கு வேண்டும், அவர் விடமாட்டார். எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு மேலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அடியில் இந்த ஒன்றுதான் கிடக்கும்.

இப்போது இருக்கிற வண்டியை வாங்கப் போன அன்றைக்கு ஷோரூமில் நடந்ததை மறக்கமாட்டேன். விற்பனை ஆள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். முன்னால் போகிற வண்டியை ரேடார் பார்க்கும், சாலையில் போட்ட கோட்டிலிருந்து விலகினால் ஸ்டீயரிங் தானே திரும்பும், நான்கு பக்கமும் கேமரா, பம்பர் முழுக்கப் பொத்தான் பொத்தானாக சென்சார். என் கணவர் மைலேஜ் கேட்கவில்லை, சர்வீஸ் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பக்கத்துல ஆள் வந்தா சத்தம் வருமா? ரெண்டு பக்கமும்?"

வரும் என்றார் அவர். அப்படியானால் இதுதான் என்று மேல் மாடலுக்குக் கை காட்டினார் இவர். பந்தாவுக்கு வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் மண்டப வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து திறந்து காட்டுவதற்கு.

அந்த வண்டியின் முன்பலகையைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேனில் ஒரு திருகு இருந்தது, திருகினால் காற்று வந்தது. இதில் ஏசியைக் கூட்ட வேண்டுமானால் பெரிய திரையைத் தொட்டு, ஒரு படத்தை அமுக்கி, அது இன்னொரு படத்தைக் காட்ட, அதற்குள் விரலை வைத்து இழுக்க வேண்டும். மூலக்கொத்தளத்துப் பள்ளம் ஒன்றில் டயர் இறங்கினால் விரல் வேறு எதிலாவது போய் விழும். ஒருமுறை ஏசியைக் கூட்டப்போய்க் கூரைக் கண்ணாடியைத் திறந்துவிட்டார். பக்கத்தில் ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டிருந்த மீன் லாரி. ராயபுரத்திலிருந்து வீடு வரைக்கும் என் பட்டுப்புடவையின் வாசனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனவே திரை என் பொறுப்பானது. ஏசி நான், பாட்டு நான், போன் வந்தால் எடுப்பது நான். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜா போல உட்கார்ந்திருப்பார். ஓட்டத் தெரியாதவளுக்கு இவ்வளவு வேலை.

கோட்டை விட்டு விலகினால் திருப்புகிற வித்தை இருக்கிறதே, அதை யார் கண்டுபிடித்தார்களோ அவர்களை ஒருநாள் எண்ணூர் சாலைக்குக் கூட்டிவர வேண்டும். அங்கே கோடு எங்கே இருக்கிறது? டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று பாதிச் சாலையைத் தின்றுவிட்டால், மீதியில் எல்லோரும் அவரவருக்குப் பிடித்த இடத்தில் போவார்கள். இந்த வண்டியோ தார் ஒட்டுப்போட்ட விளிம்பைக் கோடு என்று நம்பி ஸ்டீயரிங்கை வெடுக்கென்று இழுக்கும். கூடவே ஒரு சத்தம். பைக் நெருங்கினால் ஒரு சத்தம், ஆட்டோ உரசினால் வேறு சத்தம், மாடு குறுக்கே வந்தால் எல்லாச் சத்தமும். வடசென்னையில் பக்கத்தில் ஆள் இல்லாத நிமிஷம் ஏது? டைடல் பார்க் வாசலில் ஓட்டுவதற்குச் செய்த வண்டியை இங்கே கொண்டுவந்தால் அது நாள் முழுக்க அலறத்தான் செய்யும்.

வெளிநாட்டில் பனிக்கட்டி விழுந்த சாலையில் ஓட்ட ஒரு திருகு வேறு. எதையோ தொடப்போய் அது ஒருநாள் பனிக்கு மாறிவிட்டது. வள்ளூர் வரைக்கும் கொதிக்கிற வெயிலில் நாங்கள் பனியில் போனோம். அப்படியே இருக்கட்டும், வண்டி நல்லா ஊன்றிப் போகுது என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

என் தம்பியிடமும் இதே மாதிரி ஒரு வண்டி இருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே அந்தச் சத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டான். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர் ஒருவர், வெகுநாளாக எங்களிடம் இருப்பவர், ஒருமுறை பின்சீட்டில் வந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, அத்த ஆஃப் பண்ணு அண்ணாச்சி. காது பேஜாராவுது."

இவர் அணைக்கவில்லை. அதுமட்டுமா, என்னை விட்டே திரையில் தேடச் சொல்லி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தார். பாட்டைக் குறைக்கச் சொல்வார், என் பேச்சைக் குறைக்கச் சொல்வார், அந்த டொய்ங் டொய்ங்கை மட்டும் காது குளிரக் கேட்பார். எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளக்கும். வேன் காலத்திலிருந்து அவர் ஓட்டும்போதெல்லாம் நான் இடப்பக்கம் உட்கார்ந்து, "பார்த்துங்க, பைக்", "பார்த்துங்க, ஆள்" என்று சொல்லி வந்தவள். அது என் கை கால் போல, தானாக வரும். ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றுதான். கோபம் வந்தால் அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, வாயப் பொத்து. ஓட்டுறவனுக்குத் தெரியாதா?"

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கிடங்கில் அன்றைக்குப் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. தராசு, மூட்டை தைக்கிற ஊசி, தள்ளுவண்டி, கம்ப்யூட்டர், அதன் எலி, சாக்குக் கொக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் அதன் மேல் குங்குமமும். வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கழுவி, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உழைக்கிற பொருளுக்கு வருஷத்தில் ஒருநாள் ஓய்வும் மரியாதையும் கொடுக்கிற ஊர் இது, நானும் இதில்தான் இருக்கிறேன்.

எங்கள் வண்டிக்குப் பொட்டு வைத்தவர் அந்த மூட்டை இறக்குகிறவர்தான். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்து குனிந்து வெகுநேரம் வேலை செய்தார். பம்பரில் வட்டம் வட்டமாக இருந்த ஒன்றையும் விடவில்லை. பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்ததாம். பின்னால் கேமராவுக்கு ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் இருந்த கேமராக்களுக்கு ஒவ்வொன்று. முகப்பில் ரேடார் பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் கதம்ப மாலை.

"யக்கா, ஒண்ணு வுடாம வெச்சிகீறேன். இந்த வண்டிக்கு எத்தினி கண்ணு கீது பாரேன்!" என்றார் பெருமையாக.

மறுநாள் விஜயதசமி. திருவொற்றியூர் கோயிலுக்குப் போகலாம் என்று காலையிலேயே கிளம்பினோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். சந்தனம் இரவெல்லாம் காய்ந்து சிமென்டாக இறுகியிருந்தது. வண்டியைக் கிளப்பியதும் திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து, கீழே ஆங்கிலத்தில் ஏதோ ஓடியது.

"என்னமோ சென்சார் மறைஞ்சிருக்குன்னு காட்டுதுங்க. பொட்டைத் துடைச்சிட்டு வரட்டுமா?" என்றேன்.

"பூஜைக்கு வெச்ச பொட்ட எவளாவது துடைப்பாளா? அதுவா உதிரட்டும்." விரலை நீட்டி முக்கோணத்தை அவரே அமுக்கித் தள்ளினார். ஏசியைத் தொடத் தெரியாதவருக்கு எச்சரிக்கையை அணைக்க மட்டும் தெரிந்திருந்தது.

வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. பைக்குகள் இரண்டு பக்கமும் ஈயாக மொய்த்தன, ஆட்டோ ஒன்று கண்ணாடியை உரசிக்கொண்டு போனது, வண்டி வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா? பூஜை போட்டதும் ரோடே காலியாயிடிச்சு."

காலியாவது. ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்து, "பார்த்துங்க, பைக்" என்றேன். வழக்கமான பதில் வந்தது.

மார்க்கெட் நெருங்கியதும் வண்டிகள் ஊர ஆரம்பித்தன. முன்னால் ஒரு குட்டி லாரி சரக்கு இறக்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொள்ள இவர் இடப்பக்கம் ஒடித்தார். அங்கே சாலையோரமாக ஒரு பெண்மணி தலையில் மீன் பேசினோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். சந்தேகத்துக்கு இடமில்லை. சிவப்புச் சேலை, நீலப் பேசின், எங்கள் வண்டிக்கு நேர் இடது முன்மூலையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"ஆள்! ஏங்க, ஆள்! நிறுத்துங்க!"

"எங்கட்டி ஆளு? சத்தமே வரலியே," என்றார். சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் விட்டார்.

முதலில் பட்டது வாழைக்கன்று. அது வளைந்து அவளை இடுப்பில் தள்ளியது. பேசின் எங்கள் பானெட்டின் மேல் கவிழ்ந்தது. அவள் சாலையோரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் ஹேண்ட் பிரேக்கைத் தேடினேன். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்குக் கைப்பிடியே கிடையாது, ஒரு சின்னப் பொத்தான்தான். அதைப் பிடித்து மேலே இழுத்தேன். வண்டி நடுங்கி நின்றது.

இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அந்த வாழைக்கன்று இல்லையென்றால் பம்பர் பட்டிருக்கும். பிடித்துத் தூக்கக் கை நீட்டினேன். அவளோ தானே எழுந்து நின்று, சேலையை உதறி, இடுப்பில் கைவைத்தாள்.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது? மாடி வூடு மாரி வண்டி வெச்சிகினு வந்து மன்சன் மேல ஏத்துற! பொட்டு வெச்சிகீற, பூ வெச்சிகீற, ரோட்ட பாக்க மாட்டியா நீ?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பூஜை போட்ட வண்டியின் மேல், கதம்ப மாலைக்கு நடுவில், சங்கரா மீன்கள் வாயைப் பிளந்து கிடந்தன. என் கணவர் இறங்கி வந்தார். அவள் அவருக்கு இடப்பக்கமாக நின்று திட்டிக்கொண்டிருந்தாள். இவர் நேரே பார்த்தார். திட்டுகிற குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர் போல, கழுத்தை முழுசாக, தோளோடு சேர்த்துத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் அவள் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு கிட்டே நின்றிருந்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் வரிசையாக எல்லாம் ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவது, கிடங்கில் அந்தப் பக்கத்துக் கதவு நிலையில் தோள் இடிப்பது, இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திடுக்கிடுவது. கவனமில்லாத மனிதர் என்று நான் ஏசியதெல்லாம்.

அந்தப் பெண்மணியைக் கையோடு பக்கத்து மருந்துக் கடைக்கு அழைத்துப் போய் முழங்கைக்கு மருந்து போட்டு, மீனுக்கு உண்டானதைக் கொடுத்தோம். கொடுக்கும்போதும் அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"யக்கா, அந்தாள ஓட்ட வுடாத. நீ ஓட்டு."

வண்டிக்குத் திரும்பி வந்தோம். அவர் வலப்பக்கக் கதவைத் திறக்கப் போனார். நான் கதவின் மேல் கையை வைத்தேன்.

"இடது கண்ணு தெரியலையாங்க?"

கூட்டம் கலைந்து கொண்டிருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

"கொஞ்சந்தான். கண்ணுல அழுத்தம்னாரு டாக்டரு. மருந்து விட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார். அவர் சட்டை மேல் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எப்பலேருந்து?"

"இந்த வண்டி வாங்குறதுக்கு முந்திலேருந்து."

அந்தக் கண் மருந்து எங்கள் கடைக் கல்லாவுக்கு அடியில் இருந்ததாம். மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தாராம். டாக்டர் ஓட்டாதே என்று சொன்னாரா என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். அதுவே போதும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிரசவம் முடிந்த எங்கள் மகளையும் பச்சைக் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்தார். பின்சீட்டில் குழந்தை தூங்க, டொய்ங் டொய்ங் என்று அடிக்கிறதே, அணைத்துத் தொலையுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் அணைக்கவில்லை. அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கண் போனதற்காக யாரையும் இகழ நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. நான் இகழ்வது வேறொன்றை. இத்தனை வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, பைக் என்றும் ஆள் என்றும் சொன்னவள் நான். அப்போதெல்லாம் வாயைப் பொத்து. கண் போனதும் மனிதர் என்ன செய்தார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செய்த அதே வேலையைச் செய்வதற்கு ஊரிலேயே விலை கூடிய பெட்டியை வாங்கி, அதன் வாயை மட்டும் முழுசாகத் திறந்துவைத்தார். பெண்டாட்டி சொன்னால் கௌரவம் குறைகிறது, டொய்ங் என்றால் குறையவில்லை. இதற்கு மேல் கேவலமான ஒன்றை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"சாவி," என்றேன்.

கொடுத்தார். சண்டை இல்லாமல் கொடுத்தார் என்பதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

சீட்டை முன்னுக்கு இழுத்தேன். துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு பொட்டாகச் சுரண்டி எடுத்தேன். சாமி என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாலையைக் கழற்றிக் கோயிலுக்கென்று பின்சீட்டில் வைத்தேன். வேன் ஓட்டிய கைதானே, பெரிய வண்டி என்று அதற்குத் தெரியவில்லை. குட்டி லாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டி உடனே அலற ஆரம்பித்தது.

பிறகு கண் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். போன பார்வை திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார். ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்பதை இந்தமுறை என் முன்னால் சொன்னார்.

இப்போது நான் ஓட்டுகிறேன். அவர் இடப்பக்கம், திரைக்கு அதிகாரி. ஏசி வேண்டும் என்றால் பாட்டு வருகிறது. முதல் நாளே சத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார், பார்த்து, லாரி, பார்த்து, நாய், மெதுவா, மெதுவா.

"வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றேன். வெகுநாளாக வாயில் வைத்திருந்த வார்த்தை.

மூடிக்கொண்டார். நான் ஒருநாளும் அப்படி மூடியதில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இந்த மனிதர் அதையும் எனக்கு ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

அடுத்த சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

"அந்தப் பக்கம் எவனாவது வர்றானா பாருங்க," என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தை முழுசாக, தோளோடு சேர்த்துத் திருப்பி, ஜன்னலில் மூக்கு படுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

"யாரும் இல்லட்டி. நீ போ."

நான் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, திருப்பினேன்.